ஊசி முனையில் ஒரு பனிப்பூ

கடந்த மார்கழியில், குன்னூரில், வாழ்வில் முதன்முறையாக நாம் கொக்கி ஊசியைக் கையில் எடுத்தோம். குரோஷா என்று நம் இல்லங்களில் வழங்கும் பின்னல் வேலைக்கு உரிய ஊசி அது. காது இல்லை, கூர்முனையும் இல்லை. நுனியில் சிறு கொக்கி ஒன்று மட்டும் உண்டு. கத்தோலிக்க இல்லங்களில் வளர்ந்தோருக்கு இப்பின்னல் புதிதன்று. பீடத்துணியின் ஓரத்திலும், வீட்டுத் திருவுருவத்தின் கீழ் விரிப்பிலும், ஒரு காலத்தில் வானொலிப் பெட்டியின் மேலும், பின்னர்த் தொலைக்காட்சிப் பெட்டியின் மேலும் வெண்ணிற வலைப்பூவாக அதைக் கண்டிருக்கின்றோம். ஆனால், அது எவ்வாறு உருவாகின்றது, யாருடைய கைவழியே நம்மிடம் வந்தது என்று ஒருநாளும் வினவியதில்லை.

நமக்குக் கற்றுத்தர இசைந்தவர் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர். அவர் சிறுமியாக இருந்தபோது கன்னியர் மடத்துப் பள்ளியில் தையல் வகுப்பில் கற்றதை இன்றளவும் விரல்களில் வைத்திருப்பவர். குளிர்காலம் ஆகையால் பனிப்பூ வடிவங்களைப் பின்னி, அவற்றை இணைத்து, ஒரு குழந்தைக்குப் போதுமான போர்வை செய்யலாம் என்று அவரே திட்டம் வகுத்தார். ஒவ்வொரு துண்டும் ஆறு அங்குல அகலமுள்ள அறுகோணம். நடுவில் வெள்ளைப் பூ, சுற்றிலும் நீலம். ஆறும் ஐந்துமாக மாறி மாறி ஒன்பது வரிசைகள். கூட்டிப் பார்த்தால் சரியாக ஐம்பது. "ஒரு ஜெபமாலையின் ஐந்து பத்து" என்று அவர் சொன்னபோது வேலை எளிதாகவே தோன்றிற்று.

முதல் பூவே நம் செருக்கைக் குலைத்தது. சங்கிலிக் கண்ணிகள் ஆறினை வளையமாக்கி, வளையத்துக்குள் பன்னிரண்டு கண்ணிகள் போட்டு, அடுத்த சுற்றில் இருபத்துநான்காகப் பெருக்கச் சொல்லியிருந்தது ஓர் அமெரிக்கப் புத்தகம். அவ்வாறே செய்தோம். பூ மேசைமேல் படியவில்லை. உதகை முட்டைக்கோசைப் போல ஓரமெல்லாம் சுருண்டு நின்றது. மூன்று முறை பிரித்துப் பின்னிய பின்னரே பிழை விளங்கிற்று. அமெரிக்கர் 'டபுள்' என்று அழைக்கும் கண்ணியை ஆங்கிலேயர் 'டிரெபிள்' என்பர்; ஆங்கிலேயரின் 'டபுள்' அதனினும் குட்டையானது. ஆசிரியை கற்றது ஆங்கிலேய வழக்கு. புத்தகமோ அமெரிக்க வழக்கு. நெட்டைக் கண்ணிக்கு உரிய எண்ணிக்கையைக் குட்டைக் கண்ணியில் போட்டால் விளிம்பு மிஞ்சிச் சுருளும். எண்ணிக்கை குறைந்தாலோ பூ குழிந்து தொப்பியாகிவிடும். வட்டம் தட்டையாகப் படிவதற்கு நெட்டைக் கண்ணியாயின் சுற்றுக்குப் பன்னிரண்டும், குட்டையாயின் ஆறும் கூடிவர வேண்டும். கைவேலை என்று நாம் எளிதாகச் சொல்லிவிடும் ஒன்றினுள் இத்தனை கணக்கு உறங்குகின்றது.

ஆறு என்னும் அந்த எண்ணைப் பற்றியும் சிறிது சொல்ல வேண்டும். 1611-ஆம் ஆண்டில் பிராகா நகரில் வாழ்ந்த வானியல் அறிஞர் யோகான்னஸ் கெப்ளர், தம் புரவலருக்குப் புத்தாண்டுப் பரிசாகச் சிறு நூல் ஒன்றை எழுதினார். வானிலிருந்து விழும் பனித்துகள் ஒவ்வொன்றும் ஏன் ஐந்தாகவோ ஏழாகவோ அன்றி ஆறு முனைகளோடு அமைகின்றது என்பதே அந்நூலின் வினா. தேன்கூட்டையும் மாதுளை முத்துக்களையும் எடுத்துக்காட்டி ஆராய்ந்த அவரால் முடிந்த முடிவாக விடை கூற இயலவில்லை. நீரின் மூலக்கூறுகள் உறையும்போது அறுகோண ஒழுங்கில் அடுக்கப்படுகின்றன என்னும் விடை, 20-ஆம் நூற்றாண்டில் எக்ஸ் கதிர்களின் துணையால் கிடைத்தது. அதற்கு முன்பே, 1885-ல், அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்து உழவர் வில்சன் பென்ட்லி, நுண்ணோக்கியோடு ஒளிப்படக் கருவியைப் பொருத்திப் பனித்துகள் ஒன்றைத் தனியே படம் பிடித்துவிட்டார். 1931-ல் இறக்கும்வரை ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட படங்களை எடுத்தார். கடைகளில் விற்கும் பனிப்பூ அலங்காரங்களில் எட்டு முனை கொண்டவை பல உண்டு. இயற்கை அவ்வாறு ஒன்றையும் செய்வதில்லை. நம் பதினேழாம் பூவில் ஏழு இதழ்கள் அமைந்துவிட்டதை அப்போது நாம் கவனிக்கவில்லை என்பதையும் இங்கே ஒப்புக்கொள்கின்றோம்.

நீலகிரியில் வெண்பனி பெய்வதில்லை. இங்கு விழுவது உறைபனி. ஐப்பசி, கார்த்திகையில் புல்நுனிகளை நனைக்கும் நீர்ப்பனி, மழை ஓய்ந்து வானம் தெளிந்த மார்கழி, தை இரவுகளில் இறுகி உறைபனியாகின்றது. தலைக்குந்தாவிலும் அவலாஞ்சியிலும் அதிகாலையில் புல்வெளி வெளுத்துக் கிடப்பதைக் காண வெளியூரார் வண்டி கட்டி வருகின்றனர். தேயிலைக் காரருக்கு அது காட்சிப் பொருளன்று. இரவில் உறைந்த கொழுந்து, காலை வெயில் பட்டதும் கருகிவிடும். பள்ளத்தில் உள்ள செடிகளே முதலில் பாதிக்கப்படும், ஏனெனில் குளிர்ந்த காற்று நீரைப் போலத் தாழ்விடம் தேடி இறங்குவது. உதகைப் பூங்காவில் மலர்ச் செடிகளுக்கு மிலாறுகளால் போர்வை போர்த்தி வைப்பதும் இதனால்தான். 147-ஆம் திருப்பாடலின் ஆசிரியர் வெண்பனிக்குக் கம்பளியையும் உறைபனிக்குச் சாம்பலையும் உவமை கூறுகின்றார். கம்பளி என்னும் உவமை கேட்டவுடன் விளங்கிவிடும். சாம்பல் என்பதன் பொருளை, கருகிய தேயிலைச் சரிவைக் கண்ட பிறகே நாம் உணர்ந்தோம்.

ஆகவே, நாம் பின்னிய பனிப்பூ இம்மலைக்கு வெளியிலிருந்து வந்த வடிவம். கொக்கி ஊசியும் அவ்வாறே. குரோஷா என்னும் சொல், கொக்கி எனப் பொருள்படும் பிரெஞ்சுச் சொல்லிலிருந்து பிறந்தது. இப்பின்னலுக்கான செய்முறைகள் 1820-களில் நெதர்லாந்தின் மகளிர் இதழ் ஒன்றில் அச்சாயின. செல்வர் வீட்டு மங்கையரின் பொழுதுபோக்காக இருந்த அது, ஏழைகளின் கைக்கு வந்தது அயர்லாந்தில்.

1845-ல் அந்நாட்டின் உருளைக்கிழங்குப் பயிரை நோய் தாக்கிற்று. கிழங்கு ஒன்றையே நம்பியிருந்த குடியானவர் மடியத் தொடங்கினர். 1852 வரை நீடித்த அப்பெரும் பஞ்சத்தில் ஏறத்தாழ பத்து லட்சம் பேர் இறந்தனர். அதனினும் மிகுதியானோர் கப்பலேறி நாட்டை விட்டகன்றனர். கார்க் பகுதியில் உர்சுலைன் கன்னியர் தம் பள்ளிகளில் ஏழைப் பெண்களுக்குக் கொக்கிப் பின்னல் கற்றுத்தந்தனர். யூகல் என்னும் ஊரில் காணிக்கை அன்னை சபைக் கன்னியர் ஊசிச் சரிகைப் பின்னலைக் கற்பித்தனர். வடக்கே குளோன்ஸ் என்னும் ஊரில், ஆங்கிலிக்கன் சபைக் குரு ஒருவரின் துணைவியார் கசான்ட்ரா ஹேண்ட் 1847-ல் இதே பணியை மேற்கொண்டார். சபை வேறுபாடு பசிக்கு இல்லை. வெனிசு நகரத்து விலையுயர்ந்த சரிகைப் பின்னலைப் பார்த்து, அதனினும் விரைவாகக் கொக்கி ஊசியால் பின்னினர் அப்பெண்கள். அவர்தம் முறையில்தான் நம் போர்வையின் வேர் இருக்கின்றது. ரோசாப்பூ, மூவிலைப்புல் என ஒவ்வொன்றையும் தனித்தனியே பின்னி, பின்னர் வலைக்கண்ணிகளால் இணைப்பர். ஒரு குடும்பத்தார் ரோசாவை மட்டுமே பின்னுவர். மற்றொரு குடும்பத்தார் இலையை மட்டுமே. முழு ஆடை எப்படி இருக்கும் என்று பூப் பின்னியவள் அறியாமலே போவதும் உண்டு. இலண்டன், பாரிசு நகரங்களின் சீமாட்டியர் அதனை அணிந்தனர். கம்பளி நூலில் சிறு சிறு சதுரங்களைப் பின்னி இணைக்கும் போர்வை முறை, அமெரிக்க வேளாண் இதழ் 'பிரெய்ரி ஃபார்மர்' வழியே அச்சில் வந்தது 1885-ல். பென்ட்லி தம் முதற் பனித்துகளைப் படம் பிடித்த அதே ஆண்டு.

நம் நாட்டுக்கு இக்கலைகள் மறைபரப்புப் பணியாளர் வழியாகவே பெரிதும் வந்தன. காணிக்கை அன்னை சபைக் கன்னியர் அயர்லாந்திலிருந்து சென்னைக்கு வந்தது 1842-ல். பஞ்சத்துக்கு மூன்றாண்டு முன்னதாக. தென்கோடியில் நாகர்கோவிலில் இலண்டன் மிஷனைச் சேர்ந்த மார்த்தா மால்ட் அம்மையாரும், இடையன்குடியில் அவர் மகளும் கால்டுவெல் ஐயரின் துணைவியாருமான எலைசா அம்மையாரும் சிறுமியர்க்குச் சரிகைப் பின்னல் பயிற்றினர். 1897 நவம்பரில் பெல்ஜியத்திலிருந்து முளகுமூட்டுக்கு வந்த அன்னை மரி லூயிஸ் தெ மீஸ்டர், ஆதரவற்ற குழந்தைகளைப் பேணிய இல்லத்திலும் பின்னல் வேலை சோறு ஈட்டித் தந்தது. நம் உதகைக்கும் இவ்வரலாற்றில் இடமுண்டு. மதுரைப் பணித்தளத்தைவிட்டு 1876-ல் இம்மலைக்கு வந்து சேர்ந்த அன்னை மரிய பாடுகள், 1877 சனவரி 6 அன்று திருத்தந்தை ஒன்பதாம் பத்திநாதரின் இசைவு பெற்றுத் தொடங்கிய சபையே, இன்று உலகெங்கும் பரவியுள்ள பிரான்சிஸ்கன் மரியாவின் மறைபரப்புக் கன்னியர் சபை. 2002-ல் அன்னை முத்திப்பேறு பெற்றார். பின்னலும் பூவேலையும் பயிற்றும் தொழிற்கூடங்களை அச்சபையினர் சீனா முதலிய பல நாடுகளில் நடத்தினர்.

இப்பணியின் நன்மையை மறுப்பதற்கில்லை. வேறெந்த வருவாயும் இல்லாத பெண்ணின் கையில் நாலு காசு புழங்கிற்று. நாகர்கோவிலில் அடிமைப் பெண்கள் பின்னல் கூலியைக் கொண்டு தம் விடுதலையை வாங்கினர் என்பதும் வரலாறு. எனினும் மறுபக்கத்தையும் பார்க்கக் கடமைப்பட்டுள்ளோம். ஆந்திரத்தின் கோதாவரிக் கழிமுகத்தில் நரசாப்பூர் என்னும் ஊர் உண்டு. 19-ஆம் நூற்றாண்டில் மறைபரப்பாளர் கற்பித்த குரோஷா அங்கே பெருந்தொழிலாக வளர்ந்து, ஏற்றுமதியாகி, வணிகரைச் செல்வராக்கிற்று. செருமானிய நாட்டுச் சமூகவியலாளர் மரியா மீஸ் அம்மையார் அவ்வூர்ப் பெண்களிடையே தங்கி ஆராய்ந்து 1982-ல் நூல் வெளியிட்டார். ஒருத்தி பூக்களைப் பின்னுகின்றாள், மற்றொருத்தி இணைக்கின்றாள், தரகர் வாங்கிச் செல்கின்றார். நாள்தோறும் பல மணி நேரம் குனிந்து பின்னியும் கிடைப்பது மிகச் சொற்பம். அவள் தொழிலாளி என்று எந்த ஏட்டிலும் பதியப்படவில்லை. வீட்டில் ஓய்வாக இருக்கும் இல்லத்தரசி பொழுதுபோக்காகச் செய்வது என்று கருதப்பட்டமையால், கூலியும் பொழுதுபோக்குக்கு உரிய கூலியாகவே இருந்தது என்று அம்மையார் எழுதினார்.

இதனைப் படித்த நாளில் நம் ஊசி சற்றுத் தயங்கிற்று. நமக்கு ஒரு பூவுக்கு முக்கால் மணி நேரம் ஆகின்றது. ஆசிரியைக்கு இருபது நிமிடம். யாரேனும் இப்போர்வைக்கு விலை கேட்டால் என்ன சொல்வோம் என்று கணக்கிட்டுப் பார்த்தோம். உதகையின் திபெத்தியர் கடைகளில் தொங்கும் இயந்திரப் போர்வையின் விலைக்கு, நூல் விலை போக, நம் உழைப்புக்கு மிஞ்சுவது ஏறத்தாழ ஒன்றுமில்லை. கை ஊசியால் பின்னும் குரோஷாவை அப்படியே பின்னித்தரும் இயந்திரம் தொழிற்சாலைகளில் இல்லை. கடையில் மலிவாகக் கிடைக்கும் குரோஷாப் பை எதுவாயினும், அதன் பின்னால் ஒருவருடைய கை உண்டு.

வெளியிலிருந்து வந்த கலையைப் பேசிக்கொண்டே, இம்மலைக்கே உரிய போர்வையை மறந்துவிடலாகாது. மலையாள நாட்டில் பணியாற்றிய இயேசு சபைத் துறவி யாக்கோமே பெனிசியோ, 1603-ல் கோழிக்கோட்டிலிருந்து புறப்பட்டு, மன்னார்க்காட்டு வழியாக நீலகிரியின் மேலே ஏறினார். மலைமேல் பழங்காலக் கிறிஸ்தவர்கள் வாழ்வதாகக் கேள்வியுற்ற ஆயர் பிரான்சிஸ் ரோஸ் அவரை அனுப்பினார். கிறிஸ்தவர்கள் இல்லை, தோடர் இருந்தனர். தோடரை நேரில் கண்டு எழுதிய முதல் ஐரோப்பியரின் பதிவாகிய அவருடைய கடிதம், டபிள்யூ. எச். ஆர். ரிவர்ஸ் 1906-ல் வெளியிட்ட 'தோடர்கள்' என்னும் நூலின் பிற்சேர்க்கையாக அச்சாகியுள்ளது. அதில் ஒரு சிறு செய்தி. தந்தை பெனிசியோ தோடப் பெண்களுக்கு முகம் பார்க்கும் கண்ணாடிகளையும் நூல் சிட்டங்களையும் பரிசளித்தார். அவர்கள் பெரிதும் மகிழ்ந்தனர். இம்மலையில் திருச்சபையின் முதற்சுவடு பற்றிப் பேசுவோர் பலரும் அவருடைய போதனையையும் உரையாடலையும் குறிப்பிடுவர். நாம் அந்த நூல் சிட்டங்களிடமே நின்றுவிட்டோம்.

தோடப் பெண்களின் பூவேலை கொண்ட போர்வைக்குப் பூத்துக்குளி என்று பெயர். முரட்டு வெள்ளைப் பருத்தித் துணியில் கறுப்பு, சிவப்பு நூல்களால் செய்யும் அவ்வேலைக்கு வரைபடம் கிடையாது, சட்டமும் கிடையாது. துணியின் இழைகளை ஒவ்வொன்றாக எண்ணி எண்ணியே ஊசியைச் செலுத்துவர். வேலை நடப்பது துணியின் பின்புறத்தில். முன்புறத்தில் வடிவம் தானாகத் திரள்கின்றது. எருமைக் கொம்பும் மலைமுகடும் அவ்வடிவங்களில் உண்டு. ஆணும் பெண்ணும் அதனைப் போர்த்துகின்றனர். இறந்தோரின் உடலையும் அதனாலேயே போர்த்தி அனுப்புகின்றனர். ஏறத்தாழ இரண்டாயிரம் பேரே கொண்ட அம்மக்களின் பூவேலைக்கு 2013-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதுமுதல் அவ்வேலையைப் பார்த்து இயந்திரத்தில் அச்சிட்டு விற்பதைத் தட்டிக்கேட்க அவர்களுக்குச் சட்டத் துணை உண்டு. அயர்லாந்துப் பெண்ணுக்கும் நரசாப்பூர்ப் பெண்ணின் பாட்டிக்கும் அத்தகைய துணை இருந்ததில்லை. தோடப் பெண்ணிடம் மற்றொரு செல்வமும் உண்டு. தான் செய்வதைத் தானே போர்த்தும் உரிமை அவளை விட்டுப் போகவில்லை.

மலையில் வேறொரு போர்வையும் உண்டு. அதற்குப் பூவேலை கிடையாது. தேயிலைத் தோட்டத்தின் கறுப்புக் கம்பளி அது. 1951-ல் இயற்றப்பட்ட தோட்டத் தொழிலாளர் சட்டத்தின் 17-ஆம் பிரிவு, மழையிலிருந்தும் குளிரிலிருந்தும் காத்துக்கொள்ளத் தொழிலாளருக்குக் குடை, போர்வை, மழைச்சட்டை ஆகியவற்றை உரிமையாளர் வழங்குமாறு விதி செய்ய மாநில அரசுகளுக்கு அதிகாரம் அளித்தது. குளிரில் நடுங்குவோருக்குப் போர்வை தருவது அறம் என்று நாம் கற்றிருந்தோம். அது கேட்டுப் பெறும் உரிமை என்று ஒரு சட்டம் சொன்னது. 1964-ல் இந்தியப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிரிமாவோ பண்டாரநாயக்கவும் செய்துகொண்ட ஒப்பந்தத்தின்படி 5,25,000 பேர் இந்தியாவுக்கு வர வேண்டியவராயினர். தலைமன்னாரில் கப்பலேறி இராமேசுவரத்தில் இறங்கிய அவர்களுள் பலருக்கு வேலை தருவதற்காகவே, அரசு 1968-ல் நீலகிரியில் தேயிலைத் தோட்டத் திட்டத்தைத் தொடங்கிற்று. டான்டீ என்று மக்கள் அழைப்பது அதனையே.

அவ்வாறு வந்த குடும்பத்துப் பெண்மணி ஒருவர் நம் பின்னல் வகுப்புக்கு வருவார். அறுபது வயதைத் தாண்டியவர். விரல்கள் கொழுந்து பறித்துக் காய்த்தவை. ஆசிரியையே வியக்கும் வேகத்தில் அவர் பின்னலைக் கற்றுக்கொண்டார். இரு கைகளும் வேறு வேறு வேலையை ஒரே நேரத்தில் செய்வது அவருக்குப் பழகிப்போன ஒன்று. ஒரு நாள் தம் தாயாரின் கம்பளியைக் கொண்டுவந்து காட்டினார். ஊவாப் பக்கத்துத் தோட்டத்தில் கொடுத்தது; கப்பலில் உடன் வந்தது. ஓரிடத்தில் கிழிந்து, வேறு நிற நூலால் தைக்கப்பட்டிருந்தது. "இதக் கொடுத்த தொர பேரு அம்மாவுக்குக் கடசி வர ஞாபகம் இருந்திச்சு டீச்சர். நெஞ்சவங்க பேரு யாருக்குத் தெரியும்?" என்றார். பின் அதனை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டு, தம் எட்டாம் பூவைத் தொடர்ந்தார்.

நாம் இக்கட்டுரையில் குறிப்பிட்ட பெயர்களை மீண்டும் எண்ணிப் பார்க்கின்றோம். கற்பித்தவர், நிறுவியவர், ஆராய்ந்தவர், ஒப்பந்தம் செய்தவர் எனப் பெயர்கள் வரிசையாக நிற்கின்றன. ஒரு பூவையேனும் பின்னி வாழ்ந்தவளின் பெயர் ஒன்றுகூட அவற்றுள் இல்லை. நாம் புரட்டிய நூல்கள் அவளுக்குப் பெயர் வைத்திருக்கவில்லை. யோப்பாவின் தொற்கா ஒரு விதிவிலக்கு. அவர் இறந்தபோது கைம்பெண்கள் அழுதுகொண்டு, அவர் செய்துகொடுத்த ஆடைகளைப் பேதுருவிடம் எடுத்துக் காட்டியதை லூக்கா பதிந்து வைத்தார்.

மாசி பிறந்து பனியும் குறைந்துவிட்டது. ஐம்பதில் முப்பத்தொன்று முடிந்திருக்கின்றன. சென்ற ஞாயிறு திருப்பலி முடிந்து அவற்றை மேசைமேல் பரப்பியபோது ஆசிரியை முன்பக்கத்தைப் பார்க்கவில்லை. ஒவ்வொன்றாகத் திருப்பிப் பின்பக்கத்தையே பார்த்தார். பதினேழாம் பூவின் ஏழு இதழ்களை அங்கேதான் கண்டுபிடித்தார். பிரிக்கட்டுமா என்று கேட்டோம். வேண்டாம், நடு வரிசையில் வைத்து இழுத்து இணைத்துவிடலாம் என்றார். ஆனால் ஒவ்வொரு பூவிலும் வெள்ளைக்கு இரண்டும் நீலத்துக்கு இரண்டுமாகத் தொங்கும் நூல்முனைகளை அவர் விடுவதாக இல்லை. நூற்றிருபத்துநான்கு முனைகளையும் கண்ணிகளுக்குள் செருகி மறைத்த பிறகே அடுத்த பூவுக்கு நூல் தருவாராம்.